பாலில் ஒரு பங்கு பிள்ளைக்கு அல்ல

தாய்ப்பாலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கொழுப்பு, புரதம், லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, வைட்டமின் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதில் அதிகம் இருக்கும் பொருளை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. ஒலிகோசாக்கரைடு என்று அதற்குப் பெயர். சர்க்கரை மூலக்கூறுகள் சில ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட குட்டிச் சங்கிலிகள். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் 5 முதல் 15 கிராம் வரை இருக்கும். முதல் சில நாட்களில் சுரக்கும் சீம்பாலில் 20 கிராமைத் தாண்டும். வகைகளை எண்ணினால் 150-க்கு மேல். பசும்பாலில் இது மிகச் சொற்பம்.

தாயின் உடம்பு இவ்வளவு பாடுபட்டுத் தயாரிக்கும் இந்தச் சர்க்கரையைப் பிள்ளையால் செரிக்க முடியாது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு ரத்தத்தில் கலக்கும். மிச்சம் எல்லாம் வயிற்றையும் சிறுகுடலையும் கடந்து, முழுசாகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். பிரசவத்தில் களைத்துப்போன ஒரு பெண்ணின் உடம்பு, பிள்ளைக்குப் பயன்படாத ஒன்றை இத்தனை கிராம் எதற்காகச் செய்யவேண்டும்? பெருங்குடலில் அதற்காகக் காத்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். பாக்டீரியாக்கள். அதிலும் எல்லா பாக்டீரியாவும் அல்ல, குறிப்பிட்ட சில.

நான் மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயிற்றுப்போக்கு என்று வரும் குழந்தைகளின் மல மாதிரிகளைத்தான் அன்றாடம் கையாள்கிறேன். மக்கான்கி என்ற ஊடகத்தட்டில் மாதிரியைக் கீற்றி, இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்துவிட்டு, காலையில் திறந்தால் தட்டு முழுக்க இளஞ்சிவப்புப் புள்ளிகள் பரவியிருக்கும். ஈ.கோலை என்ற பாக்டீரியா. ஒரு குழந்தையின் குடலில் இருப்பதே இதுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே மாதிரியில் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி, ‘கிராம்’ என்ற முறையில் சாயம் போட்டு, எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸில் பார்த்தால் காட்சி வேறாக இருக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையாக இருந்தால் ஊதா நிறத்தில் கோணல்மாணலான குச்சிகள் நிறையத் தெரியும். சிலவற்றின் முனை கவட்டை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். தட்டில் ஒன்றுகூட வளராத இவைதான் பிஃபிடோபாக்டீரியாக்கள். காற்றில் உள்ள ஆக்சிஜன் இவற்றுக்கு ஆகாது. அதனால் எங்கள் சாதாரணத் தட்டில் அவை முளைப்பதே இல்லை. முளைத்ததை மட்டும் எண்ணினால், கூட்டத்தில் பெரும்பான்மையையே விட்டுவிடுவோம்.

அறிவியலும் இந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது. 1885-86 வாக்கில் மியூனிக்கில் இருந்த குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக், பச்சிளம் குழந்தைகளின் மலத்திலிருந்து சுலபமாக வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்து விவரித்தார். இன்று ஈ.கோலை என்கிறோமே, அந்த ‘ஈ’ அவர் பெயரிலிருந்து வந்ததுதான். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்றி டிஸியே என்ற இளம் மருத்துவர், ஆக்சிஜன் இல்லாமல் வளர்க்கும் முறையில் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து கவட்டைக் குச்சிகளைக் கண்டார். தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான பிள்ளைகளிடம் அவை நிறைந்திருந்தன. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்கு அதையே மருந்தாகக் கொடுக்கலாம் என்று அப்போதே அவர் சொன்னார்.

ஏன் தாய்ப்பால் பிள்ளைகளிடம் மட்டும் இப்படி என்பதற்கு விடை வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த பால் ஜியார்ஜி, 1950-களில் ஒரு வித்தியாசமான பிஃபிடோ வகையை வளர்த்துக்கொண்டிருந்தார். தாய்ப்பால் சேர்த்தால் கொழுகொழுவென்று வளரும். பசும்பால் கொடுத்தால் சுணங்கிவிடும். தாய்ப்பாலில் ஏதோ ஒரு ‘பிஃபிடஸ் காரணி’ இருக்கிறது என்றார். ஹைடல்பெர்க்கில் இருந்த நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ரிச்சர்ட் கூனோடு சேர்ந்து தேடியபோது, அந்தக் காரணி இந்தச் செரிக்காத சர்க்கரைச் சங்கிலிகள்தான் என்று தெளிவானது.

2008-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர், பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற வகையின் மரபணுத் தொகுப்பை முழுவதும் படித்து வெளியிட்டார்கள். அதில் ஒரு நீண்ட பகுதி, தாய்ப்பால் சர்க்கரையைப் பிடித்து, உள்ளே இழுத்து, வெட்டித் தின்பதற்கென்றே அமைந்திருந்தது. பிஃபிடோபாக்டீரியாக்களிலேயே இரண்டு குணம் உண்டு. பிஃபிடம் என்ற வகை சர்க்கரையைத் தன் உடலுக்கு வெளியிலேயே உடைக்கும். பந்தியில் இலை போட்டுப் பரிமாறுவது போல, சிதறும் துண்டுகள் அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்களுக்கும் கிடைக்கும். இன்ஃபான்டிஸ் அப்படியில்லை. சங்கிலியை முழுசாக உள்ளே எடுத்துக்கொண்டு அங்கேதான் உடைக்கும். மற்றவர்களுக்கு மிச்சம் வைக்காது. அதனால்தான் இது ஒரு பிள்ளையின் குடலில் இடம்பிடித்துவிட்டால், தாய்ப்பால் தொடரும்வரை அதை அசைப்பது கடினம்.

சர்க்கரையைத் தின்றுவிட்டு இவை வெளியே விடுவது அசிட்டேட்டும் லாக்டேட்டும். அதாவது, வினிகரிலும் தயிரிலும் இருக்கும் அமிலங்கள். தாய்ப்பால் பிள்ளையின் துணியை மாற்றியவர்களுக்கு இது மூக்குக்குத் தெரிந்த விஷயம். மலம் கடுகு அரைத்த நிறத்தில், திரிதிரியாக, லேசான புளித்த வாடையோடு இருக்கும். முகத்தைச் சுளிக்கவைக்கும் நாற்றம் இருக்காது. பவுடர் பால் குடிக்கும் பிள்ளைக்கு மலம் கெட்டியாக, பழுப்பாக, வாடை தூக்கலாக இருக்கும். ‘தண்ணியாப் போகுது, புளிச்ச நாத்தம் அடிக்குது’ என்று தாய்ப்பால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு வருகிறவர்கள் உண்டு. பிள்ளை சுறுசுறுப்பாகப் பால் குடித்து, எடை ஏறி, நன்றாகச் சிறுநீர் போய்க்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் நோய் இல்லை. புளிப்பு இருந்தால் நல்லதுதான். குடலில் அமிலம் கூடினால், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவை பெருகுவது மட்டுப்படும்.

அந்தப் புளிப்பு உலகத்தின் பல இடங்களில் குறைந்துவருகிறது. 1920-களில் தாய்ப்பால் பிள்ளைகளின் மலத்தில் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருந்தது. அண்மைக்கால ஆய்வுகளில் 6-ஐத் தாண்டிவிட்டது. பி.எச். அளவில் ஒரு எண் கூடுவது என்றால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று பொருள். அமெரிக்காவில் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைகளில்கூட இன்ஃபான்டிஸ் அரிதாகிவிட்டது. வங்கதேசத்திலும் காம்பியாவிலும் அது இன்னும் பரவலாக இருக்கிறது. இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் தாயிடமிருந்துதான் பிள்ளைக்குக் கைமாறவேண்டும். தாயிடமே இல்லையென்றால், பாலில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் தின்ன ஆள் இருக்காது.

எப்படிக் கைமாறுகிறது? பிறக்கும்போது பிள்ளையின் குடலில் ஆக்சிஜன் இருக்கும். முதலில் ஈ.கோலை, எண்டிரோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்தவை நுழையும். அவை ஆக்சிஜனைத் தீர்த்துவைத்த பிறகுதான் பிஃபிடோபாக்டீரியா போன்றவை குடியேற முடியும். எங்கள் தட்டில் இளஞ்சிவப்பாக வளரும் ஈ.கோலையை அதனால் நான் வில்லனாக நினைப்பதில்லை. அது வந்து செய்துவிட்டுப் போகவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சுகப்பிரசவத்தில், தாயின் குடலில் இருப்பவை பிறப்பின் வழியில் பிள்ளையைத் தொற்றிக்கொள்கின்றன. பால் குடிக்கும்போது இன்னும் கொஞ்சம். அமெரிக்காவில் 107 தாய்-சேய் ஜோடிகளைக் கவனித்து 2017-இல் வந்த ஆய்வில், பெரும்பாலும் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளின் குடல் பாக்டீரியாவில் முதல் மாதம் 28 சதவீதம் அளவுக்குப் பாலிலிருந்தும், 10 சதவீதம் அளவுக்கு முலைக்காம்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்தும் வந்திருப்பதாகக் கண்டார்கள். பால் விதையையும் கொடுக்கிறது, அதற்கு உரத்தையும் கொடுக்கிறது.

சிசேரியனில் இந்த வரிசை கலைகிறது. 2019-இல் பிரிட்டனில் ஏறக்குறைய 600 குழந்தைகளைக் கவனித்த பெரிய ஆய்வு ஒன்று, சிசேரியனில் பிறந்த பிள்ளைகளிடம் தாயின் குடலிலிருந்து வரவேண்டிய பாக்டீராய்டிஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலும் இல்லை என்றும், எண்டிரோகாக்கஸ், கிளெப்சியெல்லா போன்ற மருத்துவமனைச் சூழலில் உலவும் கிருமிகள் அவர்களிடம் அதிகம் என்றும் காட்டியது. கத்தி வைப்பதற்கு முன் தாய்க்குப் போடும் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஊசி தாயின் உயிரைக் காக்கிறது, அதைத் தவிர்க்கச் சொல்லவே கூடாது. சில மாதங்களில் இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மங்கிவிடுகிறது என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

தமிழ்நாட்டில் இது யாருக்கோ நடக்கும் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே நூற்றில் 45 பிரசவம் சிசேரியன். இந்திய அளவில் அது 21 சொச்சம். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 60-ஐத் தாண்டுகிறது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு என்னை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதில் நாம் இந்தியச் சராசரியைவிட நன்றாகவே முன்னால் இருக்கிறோம். இந்திய அளவில் நூற்றுக்கு 42, இங்கே 60. ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்ற கணக்கில் இந்தியா 64, நாம் 55. ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. நன்றாகத் தொடங்கிவிட்டு நடுவில் எங்கே விடுகிறோம்?

என் தங்கைக்குப் பிரசவம் ஆனபோது அதில் ஒரு இடத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சிசேரியன். தனியார் மருத்துவமனை. மயக்கம் தெளிந்து, தையல் வலியில் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் கிடந்தாள். பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்து மார்பில் போட யாரும் சொல்லித்தரவில்லை. முதல் நாள் இரவு பத்து மணி வாக்கில் பிள்ளை அழ, வந்த நர்ஸ் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு, “பால் ஊறலைம்மா, பத்தாது. பவுடர் பால் வாங்கிட்டு வரச் சொல்லுங்க, இப்போதைக்கு அதைக் கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மாடி முழுக்க அன்றிரவு அவர் ஒருவர்தான். ஆனால் தங்கை முகம் விழுந்துவிட்டது. “அக்கா, எனக்குப் பாலே இல்லையாம்” என்றாள்.

பிறந்த முதல் நாளில் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது ஒரு டீஸ்பூன் அளவுதான். சீம்பாலும் அந்த அளவில்தான் சுரக்கும். பால் கட்டி, மார்பு கனத்து, சட்டையை நனைக்கும் பால் வர மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆகும். சிசேரியனில் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். இடையில் கிடைக்கும் அந்தச் சில சொட்டு சீம்பாலில்தான் சர்க்கரைச் சங்கிலிகள் மிக அடர்த்தியாக இருக்கின்றன. அதில்தான் சுரப்பு ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதமும் மிக அதிகம். இந்த ஐ.ஜி.ஏ. செய்யும் செல்கள் தாயின் குடலிலும் நுரையீரலிலும் இருந்து மார்புக்குக் குடிபெயர்ந்தவை. அம்மா சாப்பிட்ட சாப்பாட்டில், அவள் மூச்சுவிட்ட காற்றில் எந்தக் கிருமிகள் இருந்தனவோ அவற்றை அடையாளம் தெரிந்த புரதம் அது. அதே வீட்டுக்குள், அதே வார்டுக்குள்தான் பிள்ளையும் வளரப்போகிறது. இதற்குப் பதிலாக எந்த டப்பாவும் கடையில் கிடையாது.

ஒரு வேளை பவுடர் பாலில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். கனடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் பார்த்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் மட்டும் பவுடர் பால் கொடுக்கப்பட்டு, அப்புறம் தாய்ப்பாலுக்கு வந்துவிட்ட பிள்ளைகளிடம்கூட, மூன்று நான்கு மாதத்தில் பிஃபிடோ குடும்பம் கொஞ்சம் குறைவாகவும் ஈ.கோலை குடும்பம் கொஞ்சம் அதிகமாகவும் இருந்தது. இதனால் அந்தப் பிள்ளைகளுக்கு நோய் வந்தது என்று அர்த்தமில்லை. பவுடர் பாலே விஷம் என்று பயமுறுத்தவும் மாட்டேன். சர்க்கரை அளவு இறங்கிவிட்ட பிள்ளைக்கு, நீர்வற்றிப்போன பிள்ளைக்கு, தாய்ப்பாலும், மற்றத் தாய்மார் தானமாகக் கொடுத்த வங்கிப் பாலும் கிடைக்காத பிள்ளைக்கு, டாக்டர் சொன்னால் அது உயிர்காக்கும் உணவு. நான் கேட்பதெல்லாம், காரணம் இருந்தால் கொடுக்கட்டும். ராத்திரி நர்ஸ் ஒருவர்தான் இருக்கிறார் என்பது காரணம் ஆகக்கூடாது.

அன்றிரவு பவுடர் வாங்கப் போகவில்லை. தங்கையின் மார்பை விரல்களால் மெல்ல அழுத்திப் பீய்ச்சி, பால் சங்கில் சில சொட்டு எடுத்தோம். மஞ்சளாக, பிசுபிசுவென்று, தேன் போலக் கனமாக இருந்தது. அதைப் பார்த்ததும் “இதுவா பால் இல்லைங்கிறது?” என்று அவளே கேட்டாள். பிள்ளை நாக்கால் துழாவிக் குடித்துவிட்டுத் தூங்கியது. இரண்டு மணிக்கொருதரம் முதலில் மார்பில் போடுவதும், பிறகு பீய்ச்சி ஊட்டுவதுமாக விடியும்வரை ஓடியது. விடிந்ததும் குழந்தை டாக்டர் எடை பார்த்து, சர்க்கரை பார்த்து, இப்படியே தொடருங்கள் என்றார்.

காலையில் வேறொரு விஷயம் வந்து நின்றது. தங்கை வீட்டுக்காரரின் அப்பத்தா, பிள்ளைக்குச் சேனை, அதாவது நாக்கில் முதல் இனிப்பு, தொட்டு வைக்கவேண்டும் என்று சின்னக் கிண்ணத்தில் சீனித் தண்ணீரோடு வந்திருந்தார். சேனை யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சில வீடுகளில் தேன், சில வீடுகளில் கழுதைப்பால். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள், குடல் இன்னும் பக்குவப்படாத குழந்தையின் உள்ளே முளைத்து நஞ்சை உண்டாக்கும். சீனித் தண்ணீரும் கழுதைப்பாலும், பிள்ளையின் குடலில் முதலில் குடியேறவேண்டியவர்கள் யார் என்ற கேள்விக்குள் தெரியாத விருந்தாளிகளைக் கூட்டிவருகின்றன.

ஆனால் தொண்ணூறை நெருங்கும் அந்த மனுஷியிடம் ‘கூடாது’ என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பேரன் பிள்ளைக்குத் தன் கையால் ஏதாவது கொடுக்கவேண்டும் என்ற ஆசையில் என்ன தப்பு? “அப்பத்தா, கையைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க. சீம்பாலையே நீங்க ஊட்டுங்க. அதுதான் இவனுக்குச் சேனை” என்றேன். சங்கைப் பிடித்து அவரே ஊட்டினார். “அந்தக் காலத்துல இதைப் பீய்ச்சிக் கீழல்ல ஊத்துவோம், கெட்ட பாலுன்னு” என்றார். சம்பிரதாயத்தை எதிர்த்துப் பேசுவதைவிட, சம்பிரதாயத்தின் கையில் சரியான பொருளைக் கொடுப்பது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்தபிறகு வசம்பும் மாசிக்காயும் சுக்கும் இழைத்த உரை மருந்து, கிரைப் வாட்டர் என்று அடுத்தடுத்து வந்தன. ஆறு மாதம் வரை வேண்டாம் என்று தங்கையின் மாமியாரே நின்று தடுத்துவிட்டார். அந்த அத்தையின் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு என் படிப்புக்கு இல்லை.

சரி, இந்தக் குடல் பாக்டீரியாவால் பிள்ளைக்கு என்ன லாபம்? வயிறு மட்டும்தான் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பிறந்த குழந்தையின் எதிர்ப்புச் சக்தி, எதை எதிர்க்கவேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று பழகிக்கொண்டிருக்கும் நேரம் அது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பிஃபிடோபாக்டீரியா குறைவாக இருந்த பிள்ளைகளின் ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் அதிகம் இருந்தன. தாய்ப்பாலோடு இன்ஃபான்டிஸும் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் அது தணிந்திருந்தது. இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் இண்டோல் லாக்டிக் அமிலம் என்ற பொருள் எதிர்ப்புச் செல்களை அமைதிப்படுத்துவதையும் கண்டார்கள். வங்கதேசத்தில், பிஃபிடோபாக்டீரியா அதிகம் இருந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி., போலியோ, டெட்டனஸ் தடுப்பூசிகள் நன்றாகப் பிடித்திருந்தன. இது தொடர்புதான், நிரூபணம் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிட முடியாது.

நிரூபணம் என்று சொன்னால் ஒடிசா நினைவுக்கு வரும். அங்கே கிராமங்களில் பிறந்த 4,500-க்கும் அதிகமான, தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைகளில் பாதிப் பேருக்கு லாக்டோபாசிலஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவையும் அதற்கு உணவாக ஒரு சர்க்கரையையும் ஒரு வாரம் வாய்வழி கொடுத்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. முதல் இரண்டு மாதத்தில் ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. பாலில் இயற்கை வைத்திருக்கும் ஏற்பாட்டைப் போலவே கிருமியும் அதற்கு இரையும் ஒன்றாகக் கொடுத்த சோதனை அது. இதைப் படித்துவிட்டுக் கடையில் விற்கும் புரோபயாட்டிக் பொடியை வாங்கிப் பிள்ளைக்குக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். வகைக்கு வகை வேலை வேறு. குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படிக் கொடுக்கும் பொருட்களால் கொடிய தொற்று வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்திருக்கிறது.

எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தும் இல்லை. நம் வேலூரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. அங்கே பச்சிளம் குழந்தைகளுக்கு மட்டும் வரும் ஒரு ரோட்டா வைரஸ் வகை நெடுநாளாக அறியப்பட்டது. சிலருக்கு அது வந்ததே தெரியாது, சிலருக்கு வயிற்றுப்போக்கு. ஏன் இந்த வித்தியாசம் என்று தாய்மாரின் பாலையும் பிள்ளைகளின் மலத்தையும் சேர்த்து ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். அறிகுறி வந்த பிள்ளைகளின் தாய்ப்பாலில் மூன்று வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் கூடுதலாக இருந்தன. பாலிலும் மலத்திலும் எண்டிரோபாக்டர், கிளெப்சியெல்லா கூடுவதோடும் அந்தச் சர்க்கரைகளுக்குத் தொடர்பு இருந்தது. சர்க்கரை என்றாலே காப்பு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தத் தாயின் பாலில் எந்தச் சங்கிலி என்பது மரபணுவைப் பொறுத்தது. எஃப்.யூ.டி.2 என்ற ஒரு மரபணு வேலை செய்யாத பெண்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இருப்பார்கள். அவர்கள் பாலில் 2-ஃப்யூகோசில்லாக்டோஸ் என்ற முக்கியமான வகை ஏறக்குறைய இருக்காது. அவர்களின் பிள்ளைகளும் நன்றாகத்தான் வளர்கிறார்கள். ‘உன் பாலில் சத்தில்லை’ என்று யாரையும் சொல்ல இந்த அறிவியல் இடம்கொடுக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் கொடுக்க முடியாமல்போன பெண்கள் எத்தனையோ பேர். நோய், மருந்து, வேலை, குறைமாதம், பிளவுபட்ட அண்ணம். அவர்கள் ஏற்கெனவே கண்ணீர் விட்டிருப்பார்கள். பாக்டீரியாவைச் சொல்லி இன்னொரு முறை அழவைக்க இந்தக் கட்டுரை இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்குத்தான் இங்கே மிகப் பெரிய ஆபத்து. குடல் அழுகிப்போகும் நெக் என்ற நோய், பவுடர் பால் மட்டும் குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்களைவிட ஆறு மடங்குக்கும் மேல் அதிகமாக வருவதை 1990-இலேயே பிரிட்டனில் கண்டார்கள். அவர்களுக்காகத்தான் தாய்ப்பால் வங்கிகள். மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மீடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கியது ஆசியாவிலேயே முதல் வங்கி. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் 2014 முதல் இருக்கிறது. தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவார்கள். பாக்டீரியாக்கள் செத்துவிடும், ஐ.ஜி.ஏ. கொஞ்சம் குறையும். சர்க்கரைச் சங்கிலிகள் அந்தச் சூட்டுக்கு அசைவதில்லை. பால் மிஞ்சிப்போய்ப் பீய்ச்சிக் கொட்டுகிற தாய்மார் யாராவது இதைப் படித்தால், பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

பால் பத்துகிறதா என்ற சந்தேகத்துக்கு மார்பை அழுத்திப் பார்ப்பது பதில் ஆகாது. பிள்ளையைத்தான் பார்க்கவேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது வெளிர் நிறச் சிறுநீர் போகிறதா, பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீட்டுவிட்டதா, கரும்பச்சையாக இருந்த முதல் மலம் மாறிக் கடுகு மஞ்சளுக்கு வந்துவிட்டதா. இவை சரியாக இருந்தால் பால் பத்துகிறது. இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் டாக்டரிடம் போகவேண்டும்.

தங்கை மகனுக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. மதியம் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் பருப்புச் சாதம் மசித்தது. “அதான் சோறு திங்கிறானே, இன்னும் எதுக்கும்மா பாலு, நிறுத்திடலாம்ல?” என்று அந்த அத்தை என்னிடம் கேட்டார். ஸ்வீடனில் 98 தாய்-சேய் ஜோடிகளை ஒரு வருடம் கவனித்து 2015-இல் வந்த ஆய்வைச் சொன்னேன். பிள்ளையின் குடல் கிருமிகள் பெரியவர்களுடையதைப் போல மாறுவது திட உணவு தொடங்குவதால் அவ்வளவு இல்லை, தாய்ப்பாலை நிறுத்துவதால்தான் அதிகம் என்று அதில் கண்டார்கள். கூழோடு பாலும் போய்க்கொண்டிருந்தால் கவட்டைக் குச்சிகள் அவசரமில்லாமல், மெதுவாகத்தான் இடம் கொடுத்து விலகும். பெரியவர்களின் குடலைப் போல ஆவதற்கு இரண்டு மூன்று வயதாகும். உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்று சொல்வதையும் சேர்த்துச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப ராத்திரிக்கும் விடியக்காலைக்கும் கொடுக்கட்டும், பகல்ல நான் பார்த்துக்கிறேன், அவ வேலைக்குப் போகட்டும்” என்றார். தங்கை அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள். அலுவலகத்தில் கதவு சாத்தக்கூடிய ஒரு அறையும், பீய்ச்சிய பாலை வைக்க ஃபிரிட்ஜில் ஒரு தட்டும் கேட்டிருக்கிறாள்.